கீறலைத் தேய்க்கும் முன்

மழை நாளில் கோலா தெர்லா சாலையில் ஒருமுறை போய் வந்தால் போதும். காய்கறி லோரிகள் வாரியடித்த சேறு கார் கதவு வரை ஏறியிருக்கும். அது காய்ந்ததும் துணியால் அழுத்தித் துடைக்கிறோம். கீறல் விழுவது அங்கேதான். "பாலிஷ் போட்டால் போயிடும்" என்று அடுத்து அதையும் தேய்க்கிறோம்.

பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து, கீறலின் ஆழத்துக்கு இறக்குகிறது. இன்றைய கார்களில் நிறத்தின் மேல் இருக்கும் நிறமற்ற பூச்சு சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. தேய்ந்தது திரும்ப வராது. முழுக்கத் தேய்ந்த இடம் வெயிலில் வெளுக்கும். பிறகு பெயிண்ட் அடிப்பதுதான் வழி.

முதலில் கீறலை நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் பாலிஷ் வேண்டாம். டச்-அப் பெயிண்ட் வையுங்கள். சிக்காவிட்டால், காரைக் கழுவி நிழலில் ஆறவிட்டு, இருப்பதிலேயே மென்மையான பாலிஷை மைக்ரோஃபைபர் துணியில் தொட்டு, உள்ளங்கை அளவு இடத்தில் முயலுங்கள். கதவு ஓரங்களிலும் மடிப்புகளிலும் பூச்சு சீக்கிரம் தேயும். அங்கே கை வைக்காதீர்கள். முடிந்ததும் மெழுகு பூசுங்கள்.

கேமரன் மலையின் பழைய லேண்ட் ரோவர்கள் பலவற்றில் இந்த மேற்பூச்சு கிடையாது. துணியில் வண்டியின் நிறம் ஒட்டுவது இயல்பு. புதிய காரில் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள்.

அடுத்த முறை, சேற்றைத் தண்ணீர் பீய்ச்சி ஊறவைத்த பிறகே துணியை எடுங்கள். பாலிஷுக்கு வேலையே இருக்காது.