கண்டதை மட்டும் எழுதாத கை

நிலக்காட்சிச் சித்திரம் என்றாலே, மனித உருவங்களையும் புராண சம்பவங்களையும் எழுதும் ஆற்றல் வாய்க்காதவர்கள் மரத்தையும் மேகத்தையும் பார்த்தபடியே பிரதி செய்துவைக்கும் இரண்டாந்தரக் கலை என்றோர் அபிப்பிராயம் நெடுங்காலமாக நிலவிவருகிறது. அது முற்றிலும் தவறு என்பதற்கு, பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்து தேசத்துச் சைத்ரிகரான யாக்கோபு வான் ராய்ஸ்டாலின் படைப்புகளே போதிய சாட்சியம்.

ஹார்லெம் நகரில் 1628 அல்லது 1629ஆம் ஆண்டில், படங்களுக்குச் சட்டம் செய்து பிழைத்த ஐசக் என்பவரின் மகனாகப் பிறந்து, சிற்றப்பா சாலமனும் பேர்பெற்ற ஓவியராக இருந்த குடும்பத்தில் வளர்ந்த அவர், 1648இல் அந்நகரத்து ஓவியர் சங்கத்தில் அங்கத்தினரானார். பின்னர் ஆம்ஸ்டர்டாமில் குடியேறி, விவாகம் செய்துகொள்ளாமலே வாழ்ந்து, 1682இல் காலமானார்.

ஜெர்மானிய எல்லையிலுள்ள பென்தைம் கோட்டை உண்மையில் ஒரு தாழ்ந்த குன்றின்மீதுதான் நிற்கிறது. அதை நேரில் கண்டுவந்த ராய்ஸ்டாலோ, 1653இல் எழுதிய சித்திரத்தில், காடு அடர்ந்த பெருமலையின் உச்சியில் அதை ஏற்றிவைத்தார். ‘யூதர் இடுகாடு’ என்ற சித்திரத்தில் காணும் கல்லறைகள் ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே இன்றும் உள்ளவை. ஆனால் அவற்றைச் சூழ்ந்துள்ள இடிந்த கட்டடமும், பட்ட மரமும், பாய்ந்தோடும் ஓடையும், வானவில்லும், மானிட வாழ்வின் அநித்தியத்தை உணர்த்தும்பொருட்டு அவரே கொண்டுவந்து சேர்த்தவை. ஜெர்மானிய மகாகவி கதே, 1816இல் வெளியிட்ட கட்டுரையில், இவரைக் கவியென்றே போற்றியது முற்றிலும் பொருந்தும்.

எனினும், கற்பனை எங்கே பற்றுக்கோடின்றித் திரிகிறதோ அங்கே இவருடைய கையும் சற்றுத் தளர்ந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஸ்காந்திநேவியா சென்றுவந்த எவர்டிங்கன் என்ற ஓவியரின் படங்களைப் பின்பற்றி, தாம் காணாத வடநாட்டு அருவிகளை இவர் எழுதிய சித்திரங்கள், எத்தனை கம்பீரமாயினும், என் உள்ளத்தைத் தொடவில்லை.

சொந்த மண்ணை எழுதும்போதோ அவருக்கு நிகர் அவரே. ஹார்லெமையும் அதன் சலவைக் களங்களையும் காட்டும் சித்திரம், உயரத்தில் ஏறத்தாழ 55 சென்டிமீட்டரும் அகலத்தில் 62 சென்டிமீட்டருமே உள்ளது. அதிலும் மூன்றில் இரண்டு பங்கை வானமே எடுத்துக்கொள்கிறது. அடுக்கடுக்காய் எழுந்த மேகங்களின் நிழல் சமவெளியில் படர, இடைவெளியில் இறங்கும் வெயில், புல்தரையில் வெளுக்க விரித்திருக்கும் லினன் துணிகளைத் தேடிப்பிடித்ததுபோல் அவற்றின்மேல் விழுகிறது. துணி விரிப்போர் எறும்பளவே தெரிகிறார்கள். தொலைவில், அடிவானக் கோட்டைக் கடந்து, புனித பாவோ தேவாலயம் தலைதூக்கி நிற்கிறது. அந்நகரின் செல்வத்துக்குக் காரணமான தொழில்களுள் ஒன்றையும், அதில் உழைத்த எளியோரையும், அவர்கள் தலைக்குமேல் விரிந்த ஆகாயத்தையும் ஒருசேரக் காட்டும் இச்சித்திரத்தை எந்தச் சரித்திர ஓவியத்துக்கும் தாழ்ந்ததாகக் கருத நான் உடன்படேன்.

ஹேக் நகரத்து மௌரிட்ஷாய்ஸ் காட்சிசாலைக்குச் செல்லும் பாக்கியம் பெறும் தமிழ் அன்பர்கள், வெர்மீர் எழுதிய முத்துத்தோடணிந்த பெண்ணைக் கண்டதோடு திரும்பிவிடாமல், இந்தச் சிறிய சித்திரத்தின் முன்னும் அரைமணி நேரமாவது நின்று பார்த்துவர வேண்டும்.