'பாதுகாப்பானது' என்றால் போதாது, பிசகையும் சொல்ல வேண்டும்

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் 1968 டிசம்பரில் 'பென்ஹாம்' என்ற அணுகுண்டை நிலத்துக்கடியில் சுமார் 1.4 கி.மீ. ஆழத்தில் வெடித்துச் சோதித்தார்கள். அதன் ஆற்றல் 1.15 மெகாடன். வெடிப்பின் வெப்பத்தில் பாறை உருகிக் கண்ணாடிபோல் உறைந்தது. புளுட்டோனியத்தின் பெரும்பகுதி அதற்குள் சிக்கிக்கொண்டது. மிச்சமும் பாறையோடு ஒட்டிக்கொள்ளும், நிலத்தடி நீரில் அநேகமாக நகராது என்ற அனுமானத்தில்தான் கணினி மாதிரிகள் நெடுங்காலம் ஓடின.

1990களில் அதே வளாகத்தில் 'டைபோ' என்ற இன்னொரு சோதனையின் பாதிப்பை அறிய, அது நடந்த இடத்துக்குப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறுகள் போடப்பட்டன. தண்ணீரில் புளுட்டோனியம் இருந்தது. டைபோவின் எச்சம் என்றுதான் எவருக்கும் தோன்றும். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் ஆனி கெர்ஸ்டிங் குழு, அதிலிருந்த புளுட்டோனியம்-240க்கும் 239க்கும் உள்ள விகிதத்தை அளந்து பார்த்தது. குண்டுக்குக் குண்டு மாறும் அந்த விகிதம், டைபோவோடு பொருந்தவில்லை, 1.3 கி.மீ. தள்ளியிருந்த பென்ஹாமோடு பொருந்தியது. அந்த நீரை நுண்வடிகட்டிகளில் வடித்தபோது புளுட்டோனியம் ஏறக்குறைய முழுவதும் வடிகட்டிகளிலேயே தங்கிவிட்டது. அது நீரில் கரைந்து வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத களிமண், சியோலைட் துகள்களில் தொற்றிக்கொண்டு பயணம் செய்திருக்கிறது.

1999இல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது. கிடைத்த அளவு மிகச் சொற்பம், குடிநீருக்கான வரம்புக்கு வெகு கீழே. ஆனாலும் நகராது என்று நம்பிய பொருள் முப்பதே ஆண்டுகளில் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

கதிரியக்கக் கழிவு விஷயத்தில் கணினி மாதிரியை விட்டால் வேறு வழியும் இல்லை. புளுட்டோனியம்-239இன் அரை ஆயுள் 24,100 ஆண்டுகள். அயோடின்-129க்கு ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல். காத்திருந்து பார்க்க யாராலும் முடியாது. கணக்கில் போட வேண்டிய அளவுகளோ பிடி கொடுப்பதில்லை. சரளைப் படுகைக்கும் விரிசலற்ற பாறைக்கும் இடையே நீர் ஊடுருவும் திறன் லட்சம் கோடி மடங்குகூட வேறுபடலாம். எங்கோ நான்கைந்து துளைகள் போட்டு எடுத்த பாறைத் துண்டுகளை வைத்துத்தான் மொத்த மலையையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

இதற்காகத்தான் நிச்சயமின்மைப் பகுப்பாய்வு என்ற துறை வளர்ந்தது. ஒவ்வோர் அளவையும் அது இருக்கக்கூடிய எல்லைகளுக்குள் மாற்றி மாற்றி, ஒரே கணக்கை நூற்றுக்கணக்கான தடவை ஓட்டுவார்கள். மான்டி கார்லோ முறை என்று இதற்குப் பெயர். விடை ஒற்றை எண்ணாக வராது, ஒரு வீச்சாக வரும். எந்த அளவை அசைத்தால் விடை அதிகம் ஆட்டம் காண்கிறது என்பதும் தெரியும். அடுத்த துளையை எங்கே போடுவது என்று அதை வைத்தே முடிவு செய்யலாம். நல்ல கருவிதான்.

ஆனால், துகள்களில் ஏறிப் போகும் வழியே மாதிரியில் இல்லையென்றால், லட்சம் தடவை ஓட்டினாலும் பென்ஹாம் அந்த வீச்சுக்குள் வராது. எண்ணில் வரும் பிழையைவிட, நிலத்துக்கடியில் என்ன நடக்கிறது என்று மனத்தில் வரைந்துகொண்ட படத்தில் வரும் பிழைதான் ஆளைக் கவிழ்க்கிறது. நிலத்தடி நீர் மாதிரி எதையும் சரியென்று நிரூபிக்க முடியாது, சோதித்துத் தவறென்று தள்ளத்தான் முடியும் என்று கோனிகோ, பிரெடஹாஃப்ட் என்ற இரு நீரியலாளர்கள் 1992இலேயே எழுதினார்கள்.

அந்தச் சோதனை வளாகத்தின் ஓரத்திலேயே இருக்கிறது யக்கா மலை. அமெரிக்க அணுமின் நிலையங்களின் கழிவைப் புதைக்க 1987இல் நாடாளுமன்றம் குறித்த இடம். பாலைவனம், மழை குறைவு. மலைக்குள் நீர் இறங்கப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும் என்று நம்பினார்கள். 1996இல், சுமார் 300 மீட்டர் ஆழச் சுரங்கத்தில் சில இடங்களில் குளோரின்-36 கூடுதலாகத் தென்பட்டது. 1950களின் பசிபிக் குண்டுச் சோதனைகள் காற்றில் கலந்துவிட்ட அதே பொருள். அப்படியானால் மழைநீர் ஐம்பதே ஆண்டுகளுக்குள் அங்கே இறங்கியிருக்க வேண்டும். பிறகு வேறு குழு செய்த ஆய்வில் அது தென்படவில்லை. சர்ச்சை தீரவே இல்லை. 2005இல் இன்னொரு சிக்கல் கிளம்பியது. மழைநீர் எவ்வளவு உள்ளே இறங்கும் என்ற கணக்கில் ஈடுபட்ட சிலர் தர ஆவணங்களைப் போலியாக நிரப்பியதாகச் சந்தேகம் எழுப்பும் மின்னஞ்சல்கள் வெளியாயின. யார் மீதும் வழக்குப் பாயவில்லை. ஆனால் அந்தக் கணக்கை சாண்டியா ஆய்வகம் முதலிலிருந்து மறுபடி போட வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் காட்டி, 'விஞ்ஞானிகளுக்கே ஒன்றும் தெரியாது' என்று கைகொட்டுவது எளிது. அது நியாயமில்லை. பென்ஹாமைக் கண்டுபிடித்தவர்களும் விஞ்ஞானிகள்தானே. மறுபக்கம், 'மாதிரி சொல்லிவிட்டது, ஆபத்து இல்லை' என்று ஒற்றை வரியில் வாயடைப்பதும் அறிவியல் ஆகாது. வீச்சை மறைத்துச் சராசரியை மட்டும் நீட்டுகிற அறிக்கை பாதி அறிக்கைதான்.

தமிழ்நாட்டுக்கும் இதில் வேலை இருக்கிறது. கூடங்குளம் வழக்கில் 2013 மே மாதத் தீர்ப்பில், கழிவை நிரந்தரமாக வைக்க ஆழ்நிலக் களஞ்சியத்தை விரைந்து அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் கிடங்குக்காக 2019 ஜூலையில் இராதாபுரத்தில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. களஞ்சியம் நாட்டில் எங்கே அமைந்தாலும் ஒரு நாள் அதன் அறிக்கை மக்கள் முன் வரும். அன்று மூன்றைக் கேட்க வேண்டும்: விடை எந்த எல்லையிலிருந்து எந்த எல்லை வரை போகும்? நிலத்துக்கடியில் நடப்பது பற்றி வேறு எந்தெந்தப் படங்களைப் பரிசீலித்தீர்கள், எதை ஏன் தள்ளினீர்கள்? கண்காணிப்புக் கிணறுகளின் அளவீடுகள் ஆண்டுதோறும் வெளியாகுமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாத அறிக்கைக்கு அனுமதி கொடுக்கக் கூடாது.