இறகாடையும் மறதியும்: ‘காகுயா இளவரசியின் கதை’யில் அவலத்தின் இடம்

ஜப்பானியக் கதைமரபின் மூத்த உரைநடைப் படைப்பாகக் கருதப்படுவது ‘தகெதோரி மொனொகதாரி’ எனும் மூங்கில்வெட்டியின் கதை. ஆசிரியர் பெயர் அறியப்படாத இந்நூல் 9ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சார்ந்தது. அடுத்த நூற்றாண்டில் முரசாகி ஷிகிபு தம் ‘கெஞ்சி மொனொகதாரி’யில் இதனைக் கதைகளுக்கெல்லாம் மூதாதை எனச் சுட்டுகிறார். இசாவோ தகஹாதா இதனை 137 நிமிட அசைவூட்டத் திரைப்படமாக்கினார். ஸ்டூடியோ ஜிப்லி 2013இல் வெளியிட்டது. இப்படத்தைத் துன்பியல் காதற்கதை என வகைப்படுத்துவது எளிது. ஆயின் அப்பெயர் மூலத்திற்குப் பொருந்தும் அளவு படத்திற்குப் பொருந்தாது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

மூலத்தில் காதல் எங்குள்ளது? இயலாப் பொருள்களைத் தேடிச்சென்று ஏமாறும் ஐந்து பெருங்குடியினரிடம் இல்லை. அவர்கள் நகைச்சுவைக்கு உரியோர். அது பேரரசனிடம் உள்ளது. காகுயாவை வலிந்து அழைத்துச்செல்ல முயல்கிறான். அவள் நிழலாக மறைகிறாள். அவன் தன் முயற்சியைக் கைவிடுகிறான். அதன்பின் ஏறத்தாழ 3 ஆண்டுகள் இருவரிடையே மடல்களும் பாக்களும் செல்கின்றன. அவள் நிலவுக்குத் திரும்பும்போது விட்டுச்சென்ற சாவா மருந்தை அவன் உண்ணவில்லை. அவளில்லாத வாழ்வு முடிவின்றி நீள்வதை விரும்பாமல், வானுக்கு மிக அணித்தான மலையுச்சியில் அதனை எரிக்கச் செய்கிறான். ஃபூஜி மலையின் பெயருக்கு அந்நூல் கூறும் காரணக்கதையும் இதனோடு இயைந்தது.

தகஹாதா இப்பகுதியின் மடல் பரிமாற்றத்தையும் மருந்தெரிப்பையும் நீக்கிவிட்டார். ஈடாக, மூலத்தில் இல்லாத சுதேமாரு என்பானைப் படைத்தார். மரக்கிண்ணம் கடைந்து வாழும் மலைக்குடியினன் அவன்; காகுயாவின் இளமைத் தோழன். வணிக நோக்கில் புகுத்தப்பட்ட காதலன் எனக் கருத இடமுண்டு. ஆனால் அவர்கள் மீளச் சந்திக்கும்போது அவன் மனைவியும் குழந்தையும் உடையவன். இருவரும் வானில் பறக்கும் அக்காட்சி கனவெனக் கலைகிறது. நிறைவேறும் காதலுக்கு இங்கு இடமே வைக்கப்படவில்லை. சுதேமாருவுடன் இணைத்துக் காட்டப்படுபவை புல், பறவை, திருடித் தின்ற முலாம்பழம், மலைச்சரிவு ஆகியன. காகுயாவின் வேட்கைக்குரிய பொருள் மண்ணுலகே. அவன் அதன் ஒரு முகம்.

இதனை உறுதிசெய்வது இறகாடைக் காட்சி. மூலத்தில், ஆடையை அணிந்தால் மனம் மாறிவிடும் என்பதை அறிந்த காகுயா, வானோரைக் காத்திருக்கச் சொல்லி அரசனுக்கு மடல் எழுதி முடிக்கிறாள். பின்னரே ஆடை போர்த்தப்படுகிறது. வளர்த்த முதியவர்மேல் கொண்ட இரக்கம் அக்கணமே மறைகிறது. படத்திலோ, மண்ணுலகம் மாசுடையதன்று என அவள் வாதிட்டுக்கொண்டிருக்கும்போதே ஆடை விழுகிறது. சொல் பாதியில் அறுகிறது. உயிர்பிரிவோரை எதிர்கொள்ள அமிதாப புத்தர் வரும் ‘ராய்கோ’ ஓவியங்களை ஒத்த அவ்வூர்வலம், களிப்பான இசையோடு செல்கிறது. வீடுபேற்றின் காட்சி இத்துணைக் கொடுமையாகத் தோன்றுவது திரையில் அரிது.

தொல்காப்பியர் அழுகைக்கு உரைக்கும் நிலைக்களன்களுள் ஒன்று அசைவு. முன்னை நிலை கெட்டு வேறாகி வருந்துதல் என அதனைப் பேராசிரியர் விளக்குவர். மூலக் காகுயா வேறாகிறாள், வருந்துவதில்லை. வருத்தம் எஞ்சியோர்க்கே உரியது. படத்தின் காகுயாவோ ஆடைக்குப் பின்னும் நிலவுலகைத் திரும்பிப் பார்க்கிறாள். கண்ணில் நீர் நிற்கிறது. மறதியை மீறிய அவ்வொரு துளியால் அவலத்தைத் தலைவியிடமே மீட்டளித்தது தகஹாதாவின் பெருஞ்சாதனை.

எனினும், தழுவலை ஆராய்வோர் கூட்டியவற்றைப் பட்டியலிடும் அளவிற்கு விடுபட்டவற்றை எடைபோடுவதில்லை. இங்கு விடுபட்டது சிறிதன்று. படத்தில் பேரரசன் நீண்ட மோவாயுடன் கேலிக்குரியவனாக வரையப்பட்டுள்ளான். அவளைப் பின்னிருந்து அணைக்கிறான். அவ்வருவருப்பே நிலவை நோக்கிய அவளது வேண்டுதலுக்குக் காரணமாகிறது. கதையியக்கத்திற்கு இது வலுவான ஏற்பாடுதான். ஆயினும் மறுப்பை ஏற்றுப் பின்வாங்கவும், மூன்றாண்டுகள் மடலால் மட்டும் அன்பு செய்யவும், சாவாமையைத் தீயிலிடவும் அறிந்த ஓர் ஆண்மகனைப் பத்தாம் நூற்றாண்டளவிலேயே படைத்துக் காட்டிய பெயரறியா ஆசிரியரின் துணிவு, இருபத்தோராம் நூற்றாண்டுப் படத்தில் இடம்பெறவில்லை.