கணிப்பொறியின் பந்தி விசாரணை

புராஜெக்ட் அறிக்கைகளை ஒப்படைக்கும் வாரத்தில், மயிலாப்பூர் மாட வீதிகளிலும் பாண்டி பஜாரை ஒட்டிய தெருக்களிலும் உள்ள ஜெராக்ஸ் கடைகளை எட்டிப் பார்த்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. ஒரே கணிப்பொறியில் நான்கு பென் டிரைவுகள் தொங்கிக்கொண்டிருக்கும். ஐந்தாவது ஆள் காத்து நிற்பார். கடையிலேயே உட்கார்ந்து பிழை திருத்திச் சேமித்த மாணவர், பஸ் வந்துவிட்டதென்று தம்முடையதை வெடுக்கெனப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார். வீட்டில் போய்த் திறந்தால் அறிக்கை திறக்காது; மூன்று மாத உழைப்பு போன இடம் தெரியாது.

ஓடுகிற கணிப்பொறியை நிறுத்தாமலே சாதனங்களைச் செருகவும் பிடுங்கவும் முடிவதை ‘ஹாட்பிளக்’ என்கிறோம். அதைக் கவனிப்பதற்கென்று பின்னணியில் ஓயாமல் விழித்திருக்கும் நிரலுக்கு ‘டீமன்’ என்று பெயர். பேய் என்று அஞ்ச வேண்டாம்! 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், மாக்ஸ்வெல் கற்பனை செய்த மூலக்கூறு பிரிக்கும் பூதத்தை நினைத்து வைத்த பெயர் அது. (இயற்பியல் துறை நண்பர்கள் மகிழ்க.)

இது ஏதோ அயல்நாட்டார் விவகாரமும் அன்று. அடையாற்றை அடுத்த தரமணியில் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட ‘பாஸ்’ இயங்குதளம் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளிலும் விண்டோஸுக்குப் பக்கத்தில் அது இடம் பெற்றது. லினக்ஸில் இந்தக் காவல் வேலையைப் பார்ப்பது ‘யூடெவ்’ என்ற டீமன்.

நம் கணிப்பொறித் துறையில் இத்தகைய டீமனைப் புராஜெக்டாக எடுப்பவர்கள், தலைப்பிலேயே ‘மல்டி திரெட்’ என்று எழுதிவிடுகிறார்கள். இழைகள் எத்தனை அதிகமோ அத்தனை பெருமை! என் கருத்து யாதெனில், இழைகளின் எண்ணிக்கை கடைசியாக யோசிக்க வேண்டிய விஷயம்.

கல்யாணப் பந்தியை எண்ணிப் பாருங்கள். பந்தி விசாரிப்பவர் ஒருவர். அவர் வாளி தூக்குவதில்லை. யார் உட்கார்ந்தார், யார் எழுந்தார் என்று பார்த்து ஆள் அனுப்புவதே அவர் வேலை. அவரே ரசம் ஊற்றக் குனிந்தால் வாசலில் நடப்பது தெரியாமல் போகும். டீமனிலும் கேட்பவன் ஒருவனாகவும் வேலை செய்யாதவனாகவும் இருக்க வேண்டும். கருநிரல் அனுப்பும் செய்திகள் தேங்கும் இடம் அளவானது; எடுக்கத் தாமதித்தால் அது நிரம்பிச் செய்திகள் தொலைந்துவிடும். ஒரு பென் டிரைவைச் செருகினாலே யூ.எஸ்.பி. சாதனம், அதன் இடைமுகம், வட்டு, வட்டின் பகுதி என்று பல செய்திகள் அடுத்தடுத்து வரும்.

வெவ்வேறு இலைகளுக்கு வெவ்வேறு ஆள்கள் ஒரே சமயத்தில் பரிமாறலாம். ஆனால் ஓர் இலைக்குள் சாம்பார், ரசம், மோர் என்ற வரிசை மாறலாகாது. பழைய லினக்ஸில் ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனி நிரல் கிளம்பியது. அதனால் ‘பிடுங்கியாயிற்று’ என்ற செய்தி ‘செருகியாயிற்று’ என்பதை முந்திவிடவும் கூடும். இதைத் தீர்க்கத்தான் செய்திகளுக்கு வரிசை எண் கொடுத்து, அவற்றை ஒழுங்குபடுத்தும் டீமனை யூடெவில் சேர்த்தார்கள். அதன் தொடக்க வடிவம் பல இழைகளில்தான் ஓடியது. 2004-லேயே அதை ஒற்றை இழைக்கு மாற்றிவிட்டார்கள்! 2012-இல் சிஸ்டம்டி தொகுப்போடு இணைந்த பிறகும், ஒரு தலைவன் கேட்க, தனிச் செயல்முறைகளாக இயங்கும் பணியாளர்கள் வேலை செய்கிறார்கள். தாய்ச் சாதனத்தின் வேலை முடியும் வரை சேய்ச் சாதனம் காத்திருக்கும்.

ஏன் இழை வேண்டாம், தனிச் செயல்முறை? பழுதான பென் டிரைவைப் படிக்கப் போன பணியாளன் சிக்கிக்கொண்டால், செயல்முறையைக் கொன்றுவிடலாம், மற்றவை பிழைத்திருக்கும். இழையை நடுவில் கொன்றால், அது பிடித்திருந்த பூட்டு திறக்காமலே நிற்க, பின்னால் வருவோர் எல்லாரும் உறைந்துபோவார்கள்.

இனி, பரிமாறும்போதே இலையை மடித்தவர் கதை. லினக்ஸில் எழுதும் தகவல் உடனே பென் டிரைவுக்குப் போய்விடுவதில்லை. வழக்கமான அமைப்பில் அரை நிமிடம் வரை நினைவகத்திலேயே தங்கலாம். அதற்குள் பிடுங்கினால் டீமனுக்கு வருவது சாவுச் செய்தி மட்டுமே. எத்தனை இழைகள் இருந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே பாதுகாப்பைச் செருகும்போதே செய்தாக வேண்டும். பென் டிரைவுகளில் பெரிதும் காணப்படும் ஃபேட் கோப்பு முறையை, தகவலை விரைவில் எழுதிவிடும் விதத்தில் இணைக்க லினக்ஸில் வழி உண்டு. விண்டோஸும் 2018-இல் ‘விரைவாக அகற்றுதல்’ முறையையே இயல்பாக்கிற்று. வேகம் சற்றுக் குறையும், குறையட்டும்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வாய்மொழித் தேர்வில் “எத்தனை இழைகள்?” என்று கேட்காதீர்கள். மாணவரின் நிரல் ஓடும்போது, கோப்பு நகலாகிக்கொண்டிருக்கும் பென் டிரைவை நீங்களே பிடுங்குங்கள். உடனே திரும்பச் செருகுங்கள். இருபது முறை அப்படிச் செய்த பிறகும் டீமன் விழித்திருந்தால் மதிப்பெண் போடுங்கள். பென் டிரைவை மட்டும் துறைச் செலவில் வாங்கிவிடுவது நல்லது.