சூட்டு வலியா, குறைமாச வலியா? அந்த ராத்திரிக்கு யாரு பொறுப்பு?

குமரி மாவட்ட உறவுகளே!

நம்ம வீட்டுல ஒரு பொண்ணு ஏழாம் மாசத்துல "வயிறு இறுகுது, நடு முதுகு வலிக்கு"ன்னு சொன்னா முதல்ல என்ன நடக்கும்? அடுப்புல சீரகத் தண்ணி கொதிக்கும். "சூட்டு வலிதான் மக்களே, குடிச்சிட்டுப் படு, விடியட்டும்" என்பார்கள். பல நேரம் அது உண்மையிலேயே சூட்டு வலிதான், தணிந்துவிடும். நாம் பேச வந்தது தணியாத ராத்திரியைப் பற்றி.

37 வாரம் முடியும் முன் பிறந்தால் அது குறைமாதப் பிரசவம். 2020-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தன. வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. இதை "விதி" என்று சொல்லிக் கைகழுவ முடியாது. காரணம், ஒரு ஊசி இருக்கிறது. பெயர் டெக்ஸாமெத்தசோன். விலை சில ரூபாய்தான். தாய்க்குப் போட்டால் வயிற்றிலுள்ள பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும். இந்த வகை மருந்தின் பலனை நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹோவியும் 1972-லேயே காட்டிவிட்டார்கள். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஊசி. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளில் நடத்திய ஆய்வு 2020-ல் வெளியானது. 25 தாய்மாருக்கு இந்த மருந்து கொடுத்தால் ஒரு பிள்ளையின் உயிர் கூடுதலாகக் காப்பாற்றப்படுகிறது என்றது அது.

ஆனா ஊசி போட்டாச்சுன்னு வீட்டுல இருக்க முடியாது. பச்சிளம் குழந்தைப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் பிள்ளை வயித்துல இருக்கும்போதே போய்ச் சேரணும். ஆக, எல்லாமே நேரக் கணக்கு.

2014-லேயே மத்திய அரசின் வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்லிவிட்டது: துணை சுகாதார நிலையச் செவிலியரே முதல் ஊசியைப் போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். அப்படின்னா கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நம்ம மாவட்டத்துல குறைமாசத்துல பெத்த தாய்மார்ல எத்தனை பேருக்கு அந்த ஊசி நேரத்துக்குக் கிடைச்சது?

கேட்டால் உடனே "தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம்" என்று மார்தட்டுவார்கள். உண்மைதான், அந்தப் பெருமையில் நமக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கணக்கு பிள்ளை எங்கே பிறந்தது என்று மட்டும்தான் சொல்லும். தாய் எத்தனை மணி நேரம் கழித்து வந்தாள், வழியில் என்ன பட்டாள் என்று சொல்லாது.

பேச்சிப்பாறை அணைக்கு அந்தப்பக்கம் தச்சமலை, தோட்டமலைக் காணிக் குடியிருப்புகளை நினைச்சுப் பாருங்க. நூறு வருசத்துக்கு மேல நாஞ்சில் வயலுக்கெல்லாம் தண்ணி கொடுக்குற அணை அது. அதே தண்ணியைப் படகுல கடந்துதான் அந்த மக்கள் இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரணும். படகுல ஏறி, கரையில இறங்கி, அங்கேருந்து ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். மழை ராத்திரின்னா? மலைப்பகுதிகளுக்குப் பிரசவக் காத்திருப்பு அறை இருக்கே என்பார்கள். நல்ல திட்டம்தான். ஆனா அது தேதி பார்த்து வரும் வலிக்கு. குறைமாச வலி தேதி பார்த்தா வருது?

கீழே இறங்கினாலும் ரோடு லட்சணம் உங்களுக்கே தெரியும். நாலுவழிச் சாலை இழுத்த இழுப்பு ஊரறிந்த கதை.

இன்னொண்ணு. வலி தணிஞ்சு வீட்டுக்குத் திரும்புற பொண்ணைப் பார்த்து "சும்மா சும்மா வந்துட்டியா?"ன்னு கேட்காதீங்க, வீட்டுலயும் சரி, வார்டுலயும் சரி. அந்த ஒரு ஏச்சுக்குப் பயந்துதான் அடுத்த தடவை விடியட்டும்னு இருந்துடுவா. "ஏழாம் மாசப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாசப் பிள்ளை பிழைக்காது" என்ற பேச்சையும் இத்தோடு விடுங்கள். வயிற்றில் கூடும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்தான்.

அப்புறம் "ரெஸ்ட் எடும்மா" என்கிற அறிவுரை. முந்திரி ஆலையில நாள் முழுக்க இருக்குறவளுக்கு, தலையில மீன் சுமந்து விக்கிறவளுக்கு யாரு ரெஸ்ட் கொடுப்பா? கர்ப்பத்தால் வரும் நோய்க்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் கூடுதலாக ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு என்று 1961 மகப்பேறு சட்டத்தின் 10-வது பிரிவு சொன்னது. எத்தனை முதலாளி இதைத் தொழிலாளியிடம் சொன்னார்? மீன்காரிக்கு அந்தச் சட்டமே இல்லை.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது: எல்லாத் துணை சுகாதார நிலையத்திலும் அந்த ஊசி இருப்பில் இருக்கணும், போட அனுமதியும் பயிற்சியும் செவிலியருக்கு இருக்கணும். பேச்சிப்பாறையில் இரவு பகலாக மோட்டார் படகும், கரையில் 108 வண்டியும் நிற்கணும். குறைமாசத்துல பெத்த தாய்மார்ல எத்தனை பேருக்கு ஊசி கிடைத்தது என்ற கணக்கை, பெயர் போடாமல், மாதாமாதம் வெளியிடணும்.

பதில் வரும் வரை நீங்கள் செய்ய வேண்டியது: 37 வாரத்துக்கு முன்னால் வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ 108-ஐ அழையுங்கள். எத்தனை மாசம்னு முதல் வார்த்தையிலேயே சொல்லுங்க. சீரகத் தண்ணி அப்புறம் குடிச்சுக்கலாம்.