க்யூவைத் தாண்டக் காசு கொடுக்கலாமா?

அமெரிக்காவில் ஆர்லாண்டோ பக்கம் இருக்கிற டிஸ்னி வேர்ல்டுக்கு நாலு பேர் கொண்ட ஒரு குடும்பம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025-ல் அங்கே ஒரு நாள் டிக்கெட் ஆளுக்கு 119 டாலரில் ஆரம்பித்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் 199 டாலர் வரை போனது. விமானம், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் தனி. இவ்வளவும் கட்டிவிட்டு உள்ளே போனால், பேர் பெற்ற ரைடுகளின் வாசலில் 75 நிமிடம், 90 நிமிடம் என்று பலகை தொங்குகிறது. பக்கத்திலேயே இன்னொரு வழி, கிட்டத்தட்ட காலியாக. அதில் நுழைய மறுபடியும் காசு. கொடுக்கலாமா, வேண்டாமா?

"காசு இருக்கிறவன் கொடுக்கிறான், அடுத்தவனுக்கு என்ன வந்தது?" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் அடுத்தவனுக்கு வருவது நிறைய இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன் இது எப்படி ஆரம்பித்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

டிஸ்னி 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நுழைவு டிக்கெட்டை ரைடு பக்கத்தில் இருக்கும் மெஷினில் செருகினால் ஒரு துண்டுச் சீட்டு வரும். இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் திரும்பி வா என்று அதில் அச்சாகியிருக்கும். அந்த நேரத்துக்கு வந்தால் குட்டி வரிசை. இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. கோடீஸ்வரனுக்கும் அதே சீட்டு, சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்து வந்தவனுக்கும் அதே சீட்டு. காலையில் யார் முதலில் மெஷினுக்கு ஓடுகிறார்களோ அவர்களுக்கு லாபம், அவ்வளவுதான்.

கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் இதை மூட்டை கட்டிவிட்டு, ஜீனி ப்ளஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஃப்ளோரிடாவில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர். அடுத்த வருடமே விலை நாளுக்கு நாள் மாற ஆரம்பித்து, பின்னால் கூட்ட நாட்களில் 30 டாலரைத் தாண்டியது. 2024 ஜூலையில் பெயர் லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று மாறியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்தது பிரீமியர் பாஸ். எந்த நேரமும் குறிக்க வேண்டாம், ஒவ்வொரு ரைடிலும் ஒருமுறை நேராக நுழையலாம். ஃப்ளோரிடாவில் அதற்கு அறிவித்த விலை, பார்க்கையும் நாளையும் பொறுத்து 129 டாலர் முதல் 449 டாலர் வரை. ஆளுக்கு! ஒரே நாளுக்கு! நாலு பேர் என்றால் உச்ச விலையில் 1,796 டாலர், டிக்கெட் காசு இல்லாமல்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. இந்தப் பாஸ் ஒரு சீட்டைக்கூடக் கூடுதலாக உண்டாக்குவதில்லை. ஒரு ரோலர் கோஸ்டர் மணிக்கு 2,000 பேரை ஏற்றும் என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 2,000 பேர்தான். அதில் 1,500 இடம் பாஸ்காரர்களுக்குப் போனால் சாதாரண வரிசைக்கு மிச்சம் 500. பாஸே இல்லாத காலத்தில் முன்னால் 500 பேர் நின்றால் கால் மணி நேரத்தில் ஏறிவிடலாம். இப்போது அதே 500 பேருக்குப் பின்னால் நின்றால் ஒரு மணி நேரம். வரிசையின் நீளம் பார்க்க ஒன்றுதான், நகருவதுதான் இல்லை. வெயிலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற அம்மாவுக்கு இது ஏன் என்று புரிவதேயில்லை.

ஆக, பாஸ் வாங்குகிறவர் வாங்குவது தன் நேரத்தை அல்ல, பக்கத்து வரிசையில் நிற்பவரின் நேரத்தை. அந்தக் காசோ நேரத்தை இழந்தவருக்குப் போகவில்லை, கம்பெனிக்குப் போகிறது. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு விலை பேதம் என்ற பாடம் ஞாபகம் இருக்கும். ஒரே பொருளை, கொடுக்கக்கூடியவனிடம் அதிக விலைக்கும் முடியாதவனிடம் குறைந்த விலைக்கும் விற்பது. தியேட்டரில் பால்கனி, ரயிலில் ஏசி பெட்டி எல்லாம் அந்த வகைதான். ஆனால் பால்கனியில் ஒருவர் உட்கார்ந்ததால் கீழே இருப்பவருக்குப் படம் பாதியில் நிற்பதில்லை. இங்கே நிற்கிறது. அதுமட்டுமல்ல, சாதாரண வரிசை எவ்வளவு மோசமோ அவ்வளவுக்குப் பாஸ் விற்கும். தன் பொருளின் ஒரு பாதி கெட்டுப்போவதில் லாபம் பார்க்கிற வியாபாரம் அபூர்வம். (அதைச் சரி செய்ய அந்தக் கம்பெனிக்கு என்ன அவசரம் இருக்கும்?)

இதன் இன்னொரு பக்கம் இன்னும் கசப்பானது. நெடுநேரம் நிற்க முடியாத மாற்றுத் திறனாளிகளுக்கு டிஸ்னி தனி வழி கொடுத்து வந்தது. 2013-ல் நியூயார்க் போஸ்ட் ஒரு செய்தி போட்டது. பணக்காரக் குடும்பங்கள் சில, மாற்றுத் திறனாளி ஒருவரை வாடகைக்கு அமர்த்தி, உறவுக்காரர் மாதிரி கூட்டிக்கொண்டு வரிசையைத் தாண்டுகிறார்கள் என்று. அந்த ஆண்டு அக்டோபரிலேயே டிஸ்னி விதியை மாற்றியது. உடனே உள்ளே விடுவதற்குப் பதில், திரும்பி வரவேண்டிய நேரம் குறித்துக் கொடுத்தார்கள். 2024-ல் இன்னும் இறுக்கி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கே முக்கியமாக அந்த வசதி என்று ஆக்கினார்கள். வேறு நோய்களால் நிற்க முடியாதவர்கள் பலர் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஏமாற்றியவர்கள் சிலர், அடி வாங்கியது வேறு யாரோ. இலவச வழி மூடி, காசு வழி மட்டும் திறந்திருந்தால் பொய் சொல்லும் ஆசை கூடத்தானே செய்யும்.

சரி, நியாயம் பேசி முடித்தாலும் அந்த நாலு பேர் குடும்பம் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. அவர்கள் என்ன செய்வது? தத்துவத்துக்காகப் பிள்ளைகளை 90 நிமிடம் வெயிலில் நிறுத்த முடியாது.

இங்கே ஒரு வேடிக்கை. பாஸ் மலிவாக இருக்கும் நாள் கூட்டமில்லாத நாள், அன்று பாஸ் தேவையே இல்லை. பாஸ் நிஜமாகவே தேவைப்படும் நாளில் விலை ஏறியிருக்கும். அதாவது வாங்குகிறவர் போடவேண்டிய கணக்கைக் கம்பெனி ஏற்கனவே போட்டு, லாபத்தில் பெரும்பகுதியை எடுத்துவிட்டது. போதாக்குறைக்கு மல்டி பாஸில் டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் 7 நாள் முன்பும், மற்றவர்கள் 3 நாள் முன்பும் ரைடுகளைப் பதிவு செய்யலாம். நல்ல நேரங்கள் வேண்டுமென்றால் கூட்டம் எப்படி என்று கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காசைக் கட்டியாக வேண்டும். அப்படியும் ட்ரான், அவதார் ஃப்ளைட் ஆஃப் பாஸேஜ் மாதிரி பெரிய ரைடுகளை மல்டி பாஸில் சேர்க்காமல் தனித்தனியாக விற்றார்கள். பாஸ் வாங்கியும் அதற்கு வெளியே நிற்பதென்றால் எரிச்சல் வராதா?

"இவ்வளவு செலவு பண்ணி வந்தாச்சு, இன்னும் 120 டாலரில் என்ன ஆகப்போகிறது" என்பதுதான் வாசலில் நிற்கிற எல்லோர் மனதிலும் ஓடுவது. இது தப்பான கணக்கு. விமானத்துக்கும் ஹோட்டலுக்கும் கொடுத்தது திரும்பி வராத செலவு. அது பெரிது என்பதால் அடுத்த 120 டாலர் சின்னதாகிவிடாது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த 120 டாலருக்கு இன்று எத்தனை மணி நேரம் மிச்சம், அதை வேறு வழியில் மிச்சப்படுத்த முடியுமா?

பெரும்பாலும் முடியும். பந்திக்கு முந்து என்பது இங்கே அப்படியே பொருந்தும். கதவு திறக்கும் முதல் ஒரு மணி நேரத்தில் வரிசை குறைவு. டிஸ்னி ஹோட்டல்களில் தங்குபவர்களை அரை மணி முன்னதாகவே உள்ளே விடுகிறார்கள், தனிக் காசு இல்லாமல். எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் போன்ற சில ரைடுகளில் தனி ஆட்களுக்கு என்று ஒரு வரிசை உண்டு. நண்பர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அடம் பிடிக்காவிட்டால் அது வேகமாக நகரும். கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு, அப்பா ரைடு போகும்போது அம்மா வெளியே இருந்துவிட்டு, பிறகு மறுபடி வரிசையில் நிற்காமல் போகும் ஏற்பாடு இருக்கிறது. அதுவும் இலவசம். இதையெல்லாம் விளம்பரத்தில் பெரிதாகப் போடமாட்டார்கள், ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

காசு கொடுத்தே தீரவேண்டும் என்றால், ஆர்லாண்டோவிலேயே இருக்கிற யுனிவர்சலில் ஒரு வழி தேவலாம். போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் என்ற மூன்று ஹோட்டல்களில் அறை எடுத்தால், அறையில் இருப்பவர்களுக்கு எக்ஸ்பிரஸ் பாஸ் சேர்த்தே கிடைக்கும். வந்து சேரும் நாளுக்கும் உண்டு, காலி செய்யும் நாளுக்கும் உண்டு. ஒரு ராத்திரி வாடகைக்கு இரண்டு நாள், நாலு பேருக்கு எட்டுப் பாஸ். தனியாக எட்டுப் பாஸ் வாங்கும் விலையோடு ஒப்பிட்டால் கூட்ட நாட்களில் அறை வாடகையே மலிவாகப் படும். ஆனால் 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸ் பார்க்குக்கு இது செல்லாது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் ஏமாற வேண்டாம்.

டிஸ்னியில் பாஸ் வாங்கத் தகுதியானவர்கள் ஒரு சாரார் உண்டு. வாழ்நாளில் ஒரே முறை, ஒரே நாள், அதுவும் லீவு சீசனில் போகிறவர்கள். அவர்கள் மல்டி பாஸ் வாங்குவதைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கு நாளை என்பது கிடையாது. பிரீமியர் பாஸை அவர்களும் தொட வேண்டாம். 449 டாலர் என்பது சாதாரண நாளில் இரண்டு மூன்று டிக்கெட்டின் விலை. நாலைந்து நாள் தங்குகிறவர்கள் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். டிஸ்னியில் நாட்கள் கூடக் கூட அடுத்த நாள் டிக்கெட் மலிவாகிக்கொண்டே போகும். நாலு நாளும் பாஸ் வாங்குகிற காசுக்குப் பல சமயம் ஐந்தாவது நாள் டிக்கெட்டே வந்துவிடும், ஓர் இரவு வாடகையைச் சமாளித்தால் போதும்.

வொண்டர்லா பூங்காக்களிலும் ஃபாஸ்ட்ராக் என்று கூடுதல் விலை டிக்கெட் இருக்கிறது. காலேஜ் டூர் போகிற கும்பலில் பத்துப் பேர் மட்டும் அதை வாங்கினால், மிச்சம் முப்பது பேர் கீழே நின்று கையாட்ட வேண்டியதுதான். டிசம்பர், ஜனவரியில் ஸ்கூல் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். தேதி முடிவு செய்யும் க்ளாஸ் ரெப் அந்த இரண்டு மாதத்தையும் விட்டுவிட்டு ஒரு செவ்வாய், புதனாகப் பார்த்தால் ஒருவரும் அதை வாங்க வேண்டியிருக்காது.