சொறிமீன் கொட்டினால் எதை ஊற்றுவது?

கடலில் குளிக்கும் ஒருவரைச் சொறிமீன் கொட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே கரையில் கூட்டம் கூடிவிடும். "மணலைப் போட்டுத் தேய்" என்பார் ஒருவர். "நல்ல தண்ணீரில் கழுவு" என்பார் மற்றொருவர். "சிறுநீர்தான் கைகண்ட மருந்து" என்பார் இன்னொருவர். இவர்களில் யார் பேச்சைக் கேட்பது? மூவர் பேச்சையும் கேட்கக் கூடாது என்பதே என் கருத்து.

சொறிமீனின் நீண்ட இழைகளில் ஆயிரக்கணக்கான கொட்டும் செல்கள் உள்ளன. ஒவ்வொரு செல்லிலும் சுருட்டி வைத்த நூல் போன்ற நுண்குழல் ஒன்று உண்டு. இழை நம்மீது பட்டதும் குழல் பாய்ந்து தோலில் தைத்து நஞ்சைச் செலுத்துகிறது. ஆனால் எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் வெடிப்பதில்லை. தேய்த்தாலும் நல்ல தண்ணீர் பட்டாலும் மீதியுள்ளவையும் வெடிக்கக்கூடும். சிறுநீர் பயன் தரும் என்பதற்குச் சான்று இல்லை.

ஊரார் மட்டுமா தவறினார்கள்? ஆஸ்திரேலியாவின் வடபகுதிக் கடலில் பெட்டிச் சொறிமீன் என்றொரு வகை உண்டு. அதன் நஞ்சு சில நிமிடங்களில் ஆளைக் கொல்ல வல்லது. அது கொட்டிய இடத்தில் மெதிலேட்டட் ஸ்பிரிட்டை ஊற்றும்படி முதலுதவி முறைகளே ஒரு காலத்தில் கூறி வந்தன. 1980இல் ஹார்ட்விக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைச் சோதித்தார்கள். ஸ்பிரிட் பட்டதும் செல்கள் வெடித்தன! சமையலறை வினிகரோ அவற்றை வெடிக்க விடாமல் அடக்கியது. இன்று குவீன்ஸ்லாந்துக் கடற்கரைகளில் வினிகர் புட்டிகள் தயாராக வைக்கப்பட்டுள்ளன.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் வினிகர்தானா? அதுவும் இல்லை. சொறிமீனின் உறவான, நீல நிறப் 'போர்த்துகீசியப் போர்க்கப்பல்' நம் கடற்கரையிலும் ஒதுங்குவதுண்டு. அது கொட்டினால் கடல்நீரில் கழுவி, பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் வைக்கும்படி ஆஸ்திரேலிய முதலுதவி விதிகள் கூறுகின்றன. வினிகர் வேண்டாம் என்கின்றன.

எனவே எந்தக் கடலில் எந்த வகை உண்டு, அதற்கு எது முதலுதவி என்று எழுதிய பலகை ஒவ்வொரு கடற்கரையிலும் இருக்க வேண்டும். கடலோரப் பள்ளி மாணவர்களே, உங்கள் ஊராட்சியிடம் இதைக் கேளுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ கண்டால் ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

வழிவழியாகச் செய்கிறார்கள் என்பது சான்று ஆகாது. "சோதித்துப் பார்த்தார்களா?" என்று கேளுங்கள். சொறிமீனுக்கு மூளை கிடையாது; நமக்கு இருக்கிறதே!